ஐந்து நிமிடம் நாற்பத்தொரு நொடி

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. கேட்டுவிட்டேன். சின்னவளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா? அண்ணனிடம் கேட்டால் "ம்" என்கிறான். நீங்கள் வீட்டை விட்டுப் போன இந்த மூன்று மாதத்தில் அவன் என்னிடம் பேசியது மொத்தமும் அந்த "ம்"தான். உங்கள் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறான்.

ஏழு முறை ஃபோன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எட்டாவது முறை உங்கள் அக்கா எடுத்து, "அவளுக்கு உங்கிட்ட பேச ஒண்ணும் இல்லையாம். சொல்றதை எழுதி அனுப்பு. எழுத்துல இருந்தா அப்புறம் மாத்திப் பேச முடியாதுல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் கடைசியாகக் காகிதத்தில் எழுதியது கல்லூரிப் பரீட்சை. கை வலிக்கிறது.

விஷயம் இதுதான். ஆறாம் பெட்டி விவகாரத்தில் சில தொழில்நுட்பக் காரணங்கள் இருந்திருக்கலாம் என்று இப்போது தெரிய வந்திருக்கிறது. திரையில் வரிகள் தெரிவதில் சிறிது தாமதம் ஏற்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள் இல்லையா?

சின்னவளுக்கு என் முத்தம்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 11

மதிப்பிற்குரிய கம்ப்யூட்டர் அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் முறை, புரியக்கூடாது என்றே எழுதியிருக்கிறீர்கள் என்பது புரிந்தது.

தங்களுக்கு மறதி அதிகம் போலிருக்கிறது. நடந்ததை நானே சொல்கிறேன்.

நான் அந்தக் குஞ்சு பொரிப்பகத்தில் பார்த்தது பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஆறு பொரிப்புப் பெட்டி. ஆறுக்கும் உள்ளே ஒவ்வொரு போர்டு. அது இரண்டு நொடிக்கு ஒருமுறை சூட்டையும் ஈரத்தையும் ஒரு வரியாக அனுப்பும். தாங்கள் எழுதிய புரோகிராம் அதைத் திரையில் பெட்டிக்கு ஒரு கட்டமாகக் காட்டும். நான் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். வரி சிவப்பாக வந்தால் ஓடிப் போய்ப் பெட்டியைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

டிசம்பர் இரண்டாம் தேதி, மதியம் இரண்டு மணிக்கு மேல். ஆறாம் பெட்டியில் விசிறி நின்றுபோய் ஹீட்டர் மட்டும் ஓடியிருக்கிறது. சிவப்பு வரி வந்தது, ஓடினேன், திறந்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. நாலாயிரத்து எண்ணூறு முட்டை. பதினெட்டாம் நாள் முட்டை. அதை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே குஞ்சு அசைவது தெரியும். காலையில்தான் பார்த்திருந்தேன். மதியம் பார்க்கும்போது ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் பேக்கிங் அறையில் எல்லோரையும் கூட்டினார்கள். நான் எண்ணினேன், பத்தொன்பது பேர். தாங்கள் போர்டின் ஞாபகத்திலிருந்து நேரத்தை வாசித்தீர்கள். சூடு ஏறியது இரண்டு மணி நாலு நிமிடம். கதவு திறந்தது இரண்டு மணி ஒன்பது நிமிடம். மேனேஜர் மீசை கேட்டார்: "அஞ்சு நிமிஷத்துக்கு மேல அந்தம்மா என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" நான் சொன்னேன்: "ஸ்க்ரீன்ல அப்பதான் சார் வந்துச்சு." தாங்கள் லேப்டாப்பைத் திறந்து ஒரு போர்டை மாட்டி, சூடாக ஊதிக் காட்டினீர்கள். டக்கென்று சிவப்பு வரி விழுந்தது. "பாத்தீங்களா, ஒரு நொடி கூட ஆகல" என்றீர்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பிறகு சொன்னீர்கள்: "பாவம், அண்ணி ராத்திரி முழுக்கத் தூங்கல. குழந்தைக்குக் காய்ச்சல். அசந்திருப்பாங்க. பெரிசு பண்ணாதீங்க சார்."

நான் தூங்கவில்லை என்பது அன்று காலை அடுப்படியில் நம் இருவருக்குள் பேசியது. அதைக் கொண்டுபோய்ப் பத்தொன்பது பேர் முன்னால் வைத்தீர்கள், அதுவும் இரக்கப்பட்டு! திட்டியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். பாவம் என்று சொன்ன வாய்க்கு என்ன பதில் சொல்வது?

யானைக்கும் அடி சறுக்கும்தான். சறுக்கின யானை எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விடும். அடியில் அகப்பட்டவள் நான்.

"தாமதம் ஏற்பட்டிருக்க வாய்ப்பு உண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். தாமதம் தானாக வந்து திரையில் ஏறி உட்கார்ந்ததா? ஏற்றியது யார்?

தங்கள் அண்ணனின் மனைவி


மார்ச் 19

அண்ணி,

நான்தான்.

அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். இப்போது முழுவதும் சொல்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் ஏழாவதாக ஒரு பெட்டி வாங்கினார்கள். அதை இணைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று திரையைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பினேன். பின்னால் சடசடவென்று நூற்றுக்கணக்கான வரிகள் ஒரே நேரத்தில் கொட்டின. பிறகு மறுபடி அசைவே இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் முதலில் கேபிளைக் குறை சொன்னேன், மாற்றினேன். அனுப்பும் வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். போர்டு பண்ணிக் கொடுத்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "உங்க போர்டு தூங்குது" என்று எகிறினேன். அவர் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு சின்ன விளக்கு, இரண்டு நொடிக்கு ஒருமுறை மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு மினுக்குக்கும் ஒரு வரி உங்க வீட்டு வாசலுக்கு வந்துடுச்சு கம்ப்யூட்டரம்மா. உங்க வீட்டுக்குள்ளதான் யாரோ புடிச்சு வச்சிருக்காங்க."

வீட்டுக்குள் பிடித்து வைத்திருந்தது என் புரோகிராம். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்க்கும் ஆளுக்கு ஒவ்வொரு சொட்டும் தெரியும். ஆனால் அடியில் ஒரு வாளியை வைத்து, "நிறைந்தால்தான் கொண்டு வருவேன்" என்று ஒருத்தி சொல்லிவிட்டால்? என் புரோகிராம் நேராகத் திரைக்கு எழுதினால் ஒவ்வொரு வரியாக எழுதும். இன்னொரு புரோகிராமுக்குக் கைமாற்றிவிட்டால், ஒவ்வொரு வரிக்கும் நடப்பானேன் என்று சேர்த்து வைத்துக்கொள்ளும். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்து நிறைந்த பிறகுதான் கொட்டும்.

நவம்பர் நடுவில் முதலாளி, "காட்டினா மட்டும் போதாது, சேமிச்சும் வைங்க" என்றார். அதனால் திரைக்குப் போகும் வழியில் சேமிக்கும் புரோகிராம் ஒன்றை நடுவே வைத்தேன். அன்றிலிருந்து வாளி வந்துவிட்டது. ஒரு வரிக்கு இருபத்துநாலு எழுத்து. இரண்டு நொடிக்கு ஒரு வரி. வாளி நிறைய ஐந்து நிமிடம் நாற்பத்தொரு நொடி ஆகும். ஆறாம் பெட்டியின் சிவப்பு வரி, வாளி காலியான கொஞ்ச நேரத்தில் விழுந்திருக்கிறது. நீங்கள் பார்க்கும்போது அது பழைய செய்தி.

அன்று லேப்டாப்பில் நான் காட்டியது நடுவே எதுவும் இல்லாத நேர்வழி. அதனால்தான் உடனே வந்தது.

வரி வந்ததும் கொட்டு என்று புரோகிராமில் ஒரே ஒரு சொல் சேர்த்தேன். இப்போது சரியாக ஓடுகிறது. ஒரு சொல், அண்ணி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலாளியிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர், "நடந்தது நடந்துடுச்சு. சரி பண்ணிட்டீங்கல்ல, விடுங்க. அவங்க வர்றதா இருந்தா வரச் சொல்லுங்க, வேலை இருக்கு" என்றார். நல்ல செய்திதானே? எப்போது வருகிறீர்கள்? அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் வருகிறேன் என்று எழுதினால் அதோடு சேர்த்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 27

கம்ப்யூட்டர் அம்மையாருக்கு,

வாளிக் கதை நன்றாகப் புரிந்தது. குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கப் போகலாம் நீங்கள்.

புரியாதது ஒன்று. என்மேல் பழி விழுந்தது பேக்கிங் அறையில், பட்டப்பகலில், பத்தொன்பது பேர் முன்னால். அது துடைக்கப்பட்டது முதலாளியின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அவர் "விடுங்க" என்றதும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். "சரிங்க சார்" என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? உங்கள் குரலே காதில் கேட்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சாப்பிட வா என்று கூப்பிடுகிறீர்கள். நான் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் டேப் ஒட்டும் அக்கா என்ன நினைப்பார்? "பாவம், நாத்தனார் சொல்லித் திரும்ப வேலை வாங்கிக் குடுத்துட்டா" என்றுதானே? அங்கே எனக்கு என்ன பெயர் என்று தெரியுமா? "ரெண்டு மணி." நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. டிரைவர் ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது.

இங்கே மருந்துக் கிடங்கில் லேபிள் ஒட்டுகிறேன். எனக்கு வேலை வேண்டாம். பெயர்தான் வேண்டும். எந்த இடத்தில் எடுத்தீர்களோ அந்த இடத்தில் திருப்பிக் கொடுங்கள். அதே அறை, அதே ஆட்கள். இல்லாவிட்டால் இனிமேல் எழுத வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. என் வேலை நோட்டு இங்கே என்னிடம் இருக்கிறது. நவம்பர் இருபதாம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "நாலாம் கட்டம் நின்று நின்று வருகிறது. மொத்தமாகக் கொட்டுகிறது. சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன், ஐந்தே முக்கால் நிமிடம். வீட்டில் சொல்ல வேண்டும்."

சொன்னேன். நீங்கள் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

உங்கள் அண்ணனின் மனைவி


ஏப்ரல் 2

அண்ணி,

"அது அப்படித்தான் அண்ணி ஸ்க்ரோல் ஆகும். நீங்க சிவப்பை மட்டும் பாருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

இதுதான் சொன்னேன். ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய கணக்கை நான் மூன்று மாதம் கழித்து நாலு கேபிள் மாற்றிக் கண்டுபிடித்திருக்கிறேன். படித்தவள் நான். முதலாளி புதிதாகப் பொறுப்பு கொடுத்து, கதவில் என் பெயரை ஒட்டிய வாரம் அது. அண்ணி சொல்லி நான் என் புரோகிராமைத் திறந்து பார்ப்பதா என்ற நினைப்பு எனக்கு இருந்தது. இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் முதல் கடிதம் மாதிரிதான்.

அன்று பேக்கிங் அறைக்குப் போகும்போது உங்கள் திரையைக் கடந்துதான் போனேன். நாற்காலி காலியாக இருந்தது. மூன்றாம் கட்டம் அசையாமல் நின்றது. நான் நின்று பார்த்தேன். பத்து நொடி, இருபது நொடி. வரி வரவில்லை. நீங்கள் நவம்பரில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்தத் திரை பேக்கிங் அறைக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது, அண்ணி. எல்லோரையும் அதன் முன்னால் கூட்டி வந்து காட்டியிருக்கலாம். நான் என் அறைக்குப் போய் லேப்டாப்பை எடுத்து வந்தேன். லேப்டாப்பில் உடனே வரும் என்று எனக்குத் தெரியும். அந்தத் திரையில் வராமல் போகலாம் என்றும் தோன்றியது. தோன்றியதை அப்படியே மென்று விழுங்கிவிட்டேன்.

ஊதிக் காட்டும்போது நான் தலையை நிமிர்த்தவே இல்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுக்காக நான் வருத்தப்படுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பு எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதனால்தான் "பாவம்" என்ற சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. நீங்கள் தூங்கியிருந்தால் எனக்கு நல்லது. தூங்கினீர்கள் என்று நானே நம்பிக்கொள்ள அந்தக் காய்ச்சல் கைகொடுத்தது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தத் திரைப் பக்கமே போகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுத்தது. நான்தான் அதற்குப் பெயர் வைக்காமல் இருந்தேன். ஏழாம் பெட்டி வந்திராவிட்டால் இன்றும் வைத்திருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எல்லோரையும் பேக்கிங் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலாளியிடம் என்னவென்று சொல்லவில்லை, சொன்னால் "விடுங்க" என்பார். பயமாக இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லக்கூடாதுதான்.

நாத்தனார்


ஏப்ரல் 8

உன் கடிதம் வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தது. தபால்காரரும் வாளி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. அங்கே என்ன நடந்ததோ தெரியவில்லை. தெரிவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

லேப்டாப் விஷயத்தைப் படித்ததும் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். நூறு பெட்டிக்குத் தப்பான லேபிள் ஒட்டியிருக்கிறேன். உன்மேல் கோபம் வந்தது. உண்மைதான். ஆனால் அதை விடப் பெரிதாக ஒன்று வந்தது, அதற்கு என்ன பெயர் சொல்வதென்று தெரியவில்லை.

நீ என்னை நம்பவில்லை என்பதைத்தான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். என்னை நானே நம்பவில்லை என்பதை உனக்கு எழுதவில்லை. லேப்டாப்பில் டக்கென்று வந்ததைப் பார்த்த பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண் திறந்துதானே இருந்தது? திறந்திருந்த மாதிரிதான் ஞாபகம். ஆனால் தூங்கினவளுக்கும் அப்படித்தானே ஞாபகம் இருக்கும்? அன்று மாலை மீசை ஒரு தாளை நீட்டினார், "கவனக்குறைவாக இருந்துவிட்டேன், வருந்துகிறேன்" என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். உன் அண்ணன் கேட்டபோது, "தூங்கியிருப்பேன் போல" என்று சொன்னேன். அவர் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாலாயிரத்து எண்ணூறையும் நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

நான் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். நீ எழுதியதைப் படித்துத்தான் எனக்கே தெரிகிறது.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணி,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நடந்ததை மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும்.

பதினேழு பேர் வந்தார்கள். இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்களாம், அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். உங்கள் திரையையே மேஜையோடு தள்ளிக்கொண்டு வந்து நடுவில் வைத்தேன். நவம்பரில் ஓடிய பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டேன், நடுவே அந்தச் சேமிப்பும் வைத்து. எலக்ட்ரீஷியன் போர்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். டேப் ஒட்டும் அக்காவின் தலைமுடி உலர்த்தும் மெஷினை வாங்கிச் சூடு ஊதினேன்.

போர்டில் சிவப்பு விளக்கு அப்போதே எரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "போர்டு சொல்லிடுச்சு. இப்ப ஸ்க்ரீனைப் பாருங்க."

திரையில் ஒன்றும் இல்லை. நான் பேசவில்லை. பேசினால் சப்பைக்கட்டு கட்டிவிடுவேன் என்று தெரியும்.

முதல் நிமிடம் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது நிமிடம் மீசை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது நிமிடம் முதலாளி, "சரி, புரிஞ்சுது, நிறுத்துங்க" என்றார். "முழுசா பாத்துடலாம் சார்" என்றேன். அவரிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. நாலாவது நிமிடம் யாரும் அசையவில்லை. அண்ணி, ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. டேப் ஒட்டும் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "இதை நம்பித்தானா அந்தப் பொண்ணு உக்காந்திருந்துச்சு?"

பிறகு சடசடவென்று கொட்டியது. நடுவில் அந்தச் சிவப்பு வரிகள்.

நான் சொன்னது இதுதான், ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்: "எங்க அண்ணி தூங்கல. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஸ்க்ரீன் லேட்டா வருதுன்னு நவம்பர்லயே எங்கிட்ட சொன்னாங்க, நான் கேட்கல. டிசம்பர்ல அது எனக்கு லேசா தெரிஞ்சும், இந்த ஸ்க்ரீனைக் காட்டாம லேப்டாப்பைக் காட்டினேன். அவங்க வீட்டுல சொன்னதை இங்க வந்து சொல்லி அவங்களை மாட்டிவிட்டேன். இனிமே யாரும் அவங்களை ரெண்டு மணின்னு சொல்லாதீங்க. வேணும்னா என்னை லேப்டாப்புன்னு சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. மீசை அலமாரியைத் திறந்து, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். கிழிக்க எனக்கு உரிமை இல்லை. இதோடு வைத்திருக்கிறேன், நீங்கள் கிழித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் முதலாளி கூப்பிட்டு, என் பொறுப்பை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கதவிலிருந்து பெயரை நானே சுரண்டி எடுத்தேன். பசை மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், லேப்டாப் உட்பட. அடிப்பானோ என்றுகூட நினைத்தேன். "நான்கூட அவளைக் கேட்டுட்டேனே, தூங்கினியான்னு" என்றான். பிறகு சாவியை எடுத்து உங்கள் அறையைத் திறந்து, ஜன்னலையும் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான். ஞாயிறு அங்கே வருவான். அவனை வாசலில் நிற்க வைக்காதீர்கள். என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்க வையுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 16

வாலுக்கு,

உன்னை இந்தச் செல்லப் பெயரில் கூப்பிட்டு நாலு மாதம் ஆகிறது. கை கொஞ்சம் தயங்கியது, பிறகு எழுதிவிட்டது.

டேப் ஒட்டும் அக்கா ஃபோன் செய்து அரைமணி நேரம் அழுதார். என் காதுதான் சூடாகிவிட்டது. அந்த டிரைவர்கூடப் பேசினார். மீசை நேற்று மதியம் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா" என்று ஆரம்பித்துவிட்டு முடிக்கத் தெரியாமல் வைத்துவிட்டார். உன் அண்ணன் ஞாயிறு வந்தார். சின்னவளின் பென்சிலை எல்லாம் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளேதான் உட்கார வைத்தேன்.

தாளைக் கிழிக்கவில்லை. என் நோட்டில் டிசம்பர் இரண்டாம் தேதிப் பக்கத்தில், உன் கடிதத்தோடு சேர்த்து ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த வேலைக்குத் திரும்ப மாட்டேன். வீட்டுக்கு வருவேன், பள்ளிக்கூடம் முடியட்டும். திரையை மன்னித்துவிட்டேன். "பாவம்" என்றாயே, அது இன்னும் உறுத்துகிறது. அதற்கு நாளாகும். இப்போதே கேட்காதே.

ஒன்று சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொன்னதில்லை. டிசம்பருக்குப் பிறகு நான் பகலில் கண்ணை மூடியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட மதியம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அக்கா, "கொஞ்சம் படுத்து எந்திரிடி" என்பாள். யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம். பார்க்க யார் இருக்கிறார்கள் இங்கே? ஆனாலும் பயம்.

நேற்று எனக்கு விடுப்பு. மீசை ஃபோனை வைத்தபோது மணி இரண்டு. தரையில் பாயை விரித்துப் படுத்தேன். அக்கா வந்து எழுப்பும்போது வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

நன்றாகத் தூங்கினேன்.

அண்ணி